சந்தனப் பொட்டு வைத்த ரவுட்டர்

எங்கள் வீட்டு ரவுட்டரைக் கொன்றது நான்தான். ஆயுதபூஜை அன்று காலை பதினோரு மணிக்கு, சந்தனம், குங்குமம், பன்னீர் சகிதம், முழு மரியாதையோடு கொன்றேன்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் கதவுக்குத் தகடு அழுத்தும் ஆலையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். அங்கே பூஜைக்கு மிஷின்களுக்கெல்லாம் பொட்டு வைப்பது என் பொறுப்பு. எண்ணூறு டன் பிரஸ்ஸோ, கேன்டீன் டீ மிஷினோ, கலைமணி வைத்தால் பொட்டு நூல் பிடித்த மாதிரி இருக்கும் என்று பெயர். பதினோரு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பெயர் அதுதான்.

வீட்டிலும் அதே வேகத்தில் இறங்கினேன். ஸ்கூட்டர், மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப்பெட்டி என்று ஒன்று விடாமல் ஈரத்துணியால் துடைத்து, மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம். அலமாரி மேலிருந்து ரவுட்டர் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. ராப்பகலாக உழைக்கிற ஜீவன், அதை விட்டுவிட்டால் பாவம் இல்லையா? எடுத்துத் துடைத்தேன். அதன் முதுகில் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள். சந்தனம் நன்றாகப் பிடித்தது. அது மூச்சு விடுகிற இடம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மேலே பன்னீரும் தெளித்தேன். கொஞ்சம் தாராளமாக.

விளக்கு சிமிட்டுவதை நிறுத்திவிட்டது.

உள்ளறையிலிருந்து செல்வலட்சுமி வந்தாள். என் மனைவி.

"இன்னாங்க, நெட்டு போச்சு." சொல்லிவிட்டு அலமாரியைப் பார்த்தாள். "இன்னா அது, சொட்டுது?"

"பன்னீர்."

"கரண்ட்ல ஓடிக்கினு இருக்கறதுக்கா?"

"எல்லாத்துக்கும்தான் தெளிச்சேன். மிக்ஸி ஒண்ணும் சொல்லலியே."

"மிக்ஸிய ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன் நானு."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கையிலிருந்த நோட்டில் தேதி போட்டு, அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு கிழித்தாள்.

அந்தக் கோடு என்ன என்று சொல்ல வேண்டும். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்கு என்ன வியாதி, என்ன வைத்தியம் என்று எழுதுவதையெல்லாம் எண்களாக மாற்றிக் கொடுக்கிற வேலை ஒன்று இருக்கிறது. செல்வி ஒரு வருடம் படித்து, கிண்டியில் இருக்கிற ஒரு கம்பெனியில் அந்த வேலையைப் பிடித்திருந்தாள். வீட்டிலிருந்தே செய்யலாம், ஆனால் ஒரு நிபந்தனை. அக்டோபர் மாதம் முழுக்கச் சோதனை. காலை எட்டிலிருந்து மாலை ஐந்துக்குள் இணைப்பு ஒரு நிமிடத்துக்கு மேல் அறுந்தால் அவர்கள் மென்பொருள் ஒன்று எண்ணிக்கொள்ளும். மாதத்தில் பத்து வரை மன்னிப்பு. பதினொன்றாவது விழுந்தால் தினமும் கிண்டிக்கு வந்து உட்கார வேண்டும். ஒரகடத்திலிருந்து போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், மழை பெய்தால் கணக்கே இல்லை.

அமெரிக்க ஆஸ்பத்திரிக்கு ஆயுதபூஜை லீவு கிடையாது. அன்று அக்டோபர் ஒன்று. சோதனையின் முதல் நாளே முதல் கோடு, புருஷன் உபயம்.

தூரம்கூடப் பெரிய விஷயமில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். அதில் முதல் நான்கு வருடம் நாங்கள் குடும்பம் நடத்தியது இரண்டு பஸ்களில். அவள் அப்போது ஒரு செல்போன் ஆலையில் டெஸ்டிங் லைனில் இருந்தாள். அவளுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் எனக்கு செகண்ட் ஷிஃப்ட். எனக்கு மாறினால் அவளுக்கும் மாறும், யாரோ வேண்டுமென்றே போட்ட மாதிரி. வல்லம் பக்கத்தில் அவள் கம்பெனி பஸ்ஸும் என் கம்பெனி பஸ்ஸும் எதிரெதிரே கடக்கும். இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்போம். கை காட்டுவோம். மூன்று விநாடி. குழம்பு ஃபிரிட்ஜில் இருக்கிறது என்பதைக்கூட அவள் கையாலேயே சொல்லக் கற்றுக்கொண்டாள்.

இனி அப்படி ஒரு வாழ்க்கை வேண்டாம் என்றுதான் அவள் படித்தாள். நான் பன்னீர் தெளித்தேன்.

"பத்தத் தாண்டிட்டா இன்னா பண்ணுவ செல்வி? கிண்டிக்குப் போவியா, வேலைய விட்டுடுவியா?"

"பாக்கலாம்."

"நீ வேலையப் பாரு. இது என் பாவம், நானே கழுவிக்கறேன். ஊர்லயே நல்ல ரவுட்டரா வாங்கிப் போட்டுடறேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அந்தக் கையைத்தான் பிறகு ரொம்ப நாள் திட்டிக்கொண்டேன்.

ஒரகடம் கூட்டு ரோட்டில் ஜெபகுமார் என்பவர் கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருக்கிறார். நாசரேத் பக்கத்துக்காரர். செத்த ரவுட்டரைத் திறந்து பார்த்து, மூக்கருகே கொண்டுபோனார்.

"என்ன அண்ணாச்சி, உள்ளருந்து கோயில் வாசன வருது?"

"அது இருக்கட்டும். நல்ல ரவுட்டர் எது, அதச் சொல்லுங்க."

"எல்லாம் நல்லதுதான் அண்ணாச்சி. உங்க வீட்டப் பொறுத்துல்லா இருக்கு."

"ரெண்டு ரூம், ஒரு ஹாலு."

"அதுக்குள்ள எத்தன செவரு, எத்தன போனு, லைன் எப்படி வருது... லைனப் பொறுத்தும் இருக்கு. லைன்காரர்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க."

லைன்காரர் சுபாஷ். எங்கள் தெருவுக்கு ஃபைபர் இழுத்தவர். ஏணியில் நின்றபடியே பதில் சொல்வது அவர் வழக்கம்.

"ண்ணா, நம்ம லைனு வூடு வரைக்கும் சும்மா தண்ணி மாதிரி வருது. அதுக்கு அப்பால ரவுட்டரப் பொறுத்து."

"எந்த ரவுட்டர்?"

"அது கடைக்காரரப் பொறுத்து."

ஆலையில் எங்கள் சூப்பர்வைசர் ரங்கநாதன் ஒருவர்தான் இதைப் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அவர் டம்ளரைக் கீழே வைத்தால் விஷயம் பெரிது.

"கலை, தகட்டுல கீறல் விழுந்தா உடனே அழுத்தற அச்சையே மாத்துவியா? ரூட் காஸ் பாப்ப இல்ல? ஃபிஷ்போன் போடுய்யா!"

மீன் முள் படம் என்பது எங்கள் ஆலையில் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து. நடுவில் ஒரு முதுகெலும்பு. முள்ளுக்கு ஒன்றாக ஆள், மிஷின், முறை, பொருள் என்று எழுதி, ஒவ்வொன்றிலும் தப்பு எங்கே என்று தேட வேண்டும். வீட்டில் காலண்டர் பின்பக்கம் வரைந்தேன். 'ஆள்' என்கிற முள்ளில் 'கலைமணி' என்று எழுதினேன். மற்ற மூன்று முள்ளுக்கு எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.

இதற்குள் இரண்டு நாள் ஓடிவிட்டது. செல்வி தன் போனிலிருந்து நெட் எடுத்து வேலை செய்தாள். லோன் வேண்டுமா என்று ஒருத்தி கூப்பிட்டாள், நெட் அறுந்தது. வேறொருத்தி கூப்பிட்டாள், மறுபடி அறுந்தது. மூன்று கோடு.

இனிப் பொறுக்க முடியாது என்று ஜெபகுமார் கடைக்குப் போய், கண்ணால் பார்த்து ஒரு முடிவெடுத்தேன். செத்ததுக்கு ஆன்டெனா என்று இரண்டு கொம்பு. இங்கே நான்கு கொம்போடு ஒன்று கறுப்பாக நிமிர்ந்து நின்றது. இரண்டைவிட நான்கு பெரிது. எட்டாம் வகுப்பில் நான் கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்துப் பார்த்தால் இது என் அறிவின் உச்சம்.

"இது எப்படி ஜெபகுமார்?"

"போட்டுப் பாருங்க அண்ணாச்சி. போகப் போகத் தெரியும்."

போட்டோம். காலையெல்லாம் பிரமாதம். நான் ஷிஃப்ட் முடிந்து மூன்று முப்பத்தைந்துக்கு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவேன், உள்ளே இணைப்பு அறுந்திருக்கும். முதல் நாள் தற்செயல் என்று நினைத்தேன். மூன்றாவது நாள் பயம் வந்துவிட்டது. நான் வராத வரைக்கும் நன்றாக இருக்கிறது, வந்ததும் சாகிறது. மீன் முள்ளில் எழுதியது சரிதானோ? அடுத்த நாள் சோதனைக்காக வீட்டுக்குள் நுழையாமல் தெருமுனைப் பெட்டிக் கடையில் நின்றேன். மூன்று முப்பத்தெட்டுக்கு செல்வி போன் செய்தாள்.

"போச்சு. எங்க கீறீங்க?"

"கடையாண்ட. நான் வரலியே, அப்புறம் ஏன் போச்சு?"

"இன்னா சொல்றீங்க நீங்க? வூட்டுக்கு வாங்க மொதல்ல" என்றாள்.

சில நாள் ஒரு நிமிடத்துக்குள் திரும்பி வந்து தப்பிப்போம், சில நாள் இல்லை. பதினாறாம் தேதி நோட்டில் எட்டுக் கோடு இருந்தது. இன்னும் பதினைந்து நாள். நான் மறுபடி கேட்டேன், கிண்டிக்குப் போவாயா, விட்டுவிடுவாயா என்று. "பாக்கலாம்" என்றாள். ஊர் முழுக்கப் 'பொறுத்து', வீட்டுக்குள் 'பாக்கலாம்'. எனக்குப் பைத்தியம் பிடிக்காதது ஆச்சரியம்.

அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு அவளே சொன்னாள்: "நாளைக்கு லீவு போடுங்க. மூணேகாலுக்கு எனக்கு டீ பிரேக். மாடிக்கு வாங்க."

"எதுக்கு?"

"வாங்கன்னா வாங்க."

மறுநாள் வெள்ளிக்கிழமை. மழை வருவது போல் மூடிக்கொண்டு இருந்தது. மொட்டை மாடியில் செல்வி தன் போனை என் கையில் கொடுத்தாள். திரையில் ஒரு பட்டியல். அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள். பதினொன்று இருந்தது. எங்களுடையது மேலே நிமிர்ந்து நின்றது.

"இத்தையே பாருங்க. அப்பப்ப ரோட்டையும் பாருங்க."

எங்கள் வீட்டுக்கு எதிரே மூன்று மாடிக் கட்டடம். வரிசையாக அறைகள், அறைக்கு நான்கு பேர். ஒடிசா, ஜார்க்கண்ட், தென்காசி, விழுப்புரம். எல்லாம் ஆலைகளில் வேலை செய்கிற பையன்கள். இரண்டு வருடமாகத் தினமும் பார்க்கிற கட்டடம்தான்.

மூன்று இருபத்தெட்டுக்கு முதல் பஸ் தெருமுனையில் நின்றது. வெள்ளை பஸ். பின்னாலேயே ஒரு நீலம். பிறகு நான் தினமும் வருகிற பஸ்ஸே வந்தது, நான் இல்லாமல். சீருடை போட்ட பையன்கள் இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நடக்கும்போதே போனை எடுத்தார்கள்.

பட்டியல் அசைந்தது.

பதினொன்று பதினாலாயிற்று. 'ஜெய் ஜகந்நாத்'. 'ரூம் நம்பர் ஏழு'. 'கேக்காதே தரமாட்டேன்'. பத்தொன்பது. பஸ் கதவு மூடிப் புறப்பட, இன்னொன்று வந்தது. இருபத்தேழு. மாடிப்படி ஏறுகிற காலடிச் சத்தம் எதிர்க் கட்டடத்தில் கேட்டது. அறைகளில் விளக்குப் போட்டார்கள், ஃபேன் போட்டார்கள், கூடவே ரவுட்டர்களும் கண் விழித்தன. முப்பத்தெட்டு. நாற்பத்தாறு. விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன், முடியவே இல்லை. எங்கள் பெயர் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

"இவங்க எல்லாம்..." என்று இழுத்தேன்.

"எல்லாம் இப்பதான் வூட்டுக்கு வந்தாங்க. உங்க கூடவே, தெனமும். நீங்க வந்தா நெட்டு போவல. பஸ்ஸு வந்தாத்தான் போவுது."

எதிர் மாடியில் ஒரு பையன் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு யாருடனோ வீடியோவில் பேசினான். ஒடியா மொழி. போனை உயரத் தூக்கி மழை மேகத்தைச் சுற்றிக் காட்டினான். போனுக்குள் ஒரு பெண் குரல் சிரித்தது. வயதான குரல். அம்மாவாக இருக்கும்.

நான் கையை நீட்டிப் பார்த்தேன். என் வயது முப்பத்தெட்டு, இருந்தாலும் நீட்டினேன். கையில் ஒன்றும் படவில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் நாற்பத்தாறு வீடு போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மா மகனிடம் சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பாள், அந்தக் கேள்வி என் நெஞ்சு வழியாகப் போயிருக்கும். எனக்கு வலிக்கக்கூட இல்லை. கீழே செல்வியின் மேஜை, பீரோ, சமையலறை, குக்கர், எல்லாவற்றுக்குள்ளும் யாரோ யாரையோ நலம் விசாரித்துக்கொண்டு போகிறார்கள். இத்தனை நாள் இந்தக் காற்றைத்தான் நான் சும்மா இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன்.

"செல்வி, இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"நாலு வருசம் நான் இன்னா வேலை செஞ்சேன்னு நெனச்சீங்க?"

டெஸ்டிங் என்று தெரியும். அதற்கு மேல் கேட்டதில்லை. மூன்று விநாடியில் கையால் கேட்கிற கேள்வி இல்லை அது.

"இரும்புப் பொட்டி ஒண்ணு இருக்கும்ங்க. ஒவ்வொரு போனையும் அதுக்குள்ள வெச்சு மூடுவேன். வெளிய இருக்கற சிக்னல் ஒண்ணுகூட உள்ள வராது. அதுல வெச்சுத்தான் போனு சரியாப் பேசுதான்னு பாக்கணும். ஒரு ஷிஃப்டுக்கு எண்ணூறு பொட்டி மூடித் தொறப்பேன்." அவள் எதிர்க் கட்டடத்தைப் பார்த்தபடி சொன்னாள். "அந்தப் பொட்டிக்குள்ள மட்டும்தான் ஒண்ணும் இருக்காது. வெளிய எல்லா எடத்துலயும் எல்லாமே இருக்கு."

ஒன்பது வருடமாக இவளிடம் மின்சார பில் எப்போது வந்தது என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

"அப்ப எது நல்ல ரவுட்டர்?" ஊர் முழுக்கக் கேட்ட கேள்வியை முதல்முறையாக என் வீட்டில் கேட்டேன்.

"நீங்க வாங்கனது ஒரே ரோட்டுல ஓடற வண்டி. பழைய ரோடு, ரெண்டரை கிகாஹெர்ட்ஸுக்குக் கிட்ட. அதுல மோதிக்காம போவ மூணே மூணு வழிதான் இருக்கு. இந்த நாப்பத்தாறு பேர்ல முக்காவாசிப் பேரும் அந்த மூணுலதான் முட்டிக்கினு நிக்கறாங்க. ஷிஃப்ட் விடற நேரத்துல நம்ம கூட்டு ரோடு எப்படி இருக்கும்? அதான். கொம்பு நாலு இருந்தா ஹாரன்தான் நாலு மடங்கு."

"வேற ரோடு இருக்கா?"

"அஞ்சு. அஞ்சு கிகாஹெர்ட்ஸ். வழி நெறைய, கூட்டம் கம்மி. ஆனா செவரு தாண்டத் தெம்பு பத்தாது. அதனால ஹால்ல அலமாரி மேல வெச்சுப் பூஜ பண்ணக் கூடாது. என் ரூம்லயே, என் மேஜைக்கு எதுக்க மாட்டணும். ரெண்டு ரோடும் இருக்கற ரவுட்டரா வாங்குங்க, ரெண்டு கொம்பு போதும். வயர் சொருகலாம்னா கம்பெனி குடுத்த லேப்டாப்ல ஓட்டையே இல்ல, வேற எதுவும் சொருகக் கூடாதுன்னு ரூல்."

"மொத நாளே ஏன் சொல்லல?"

"கைய காட்டுனீங்களே. நாலு வருசப் பழக்கம், நீங்க கை காட்டுனா நான் சரின்னுடுவேன்" என்று சொல்லிவிட்டு, பிரேக் முடிந்துவிட்டது என்று கீழே இறங்கிப் போனாள்.

சொன்ன மாதிரியே சொல்லி வாங்கினேன். ஜெபகுமார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவு வெவரமாக் கேக்கியளே, யார்ட்ட விசாரிச்சிய?" என்றார். "எங்க வீட்டு இன்ஜினியர்" என்றேன்.

ஒரு சாயங்காலம் வரை பொறுத்து, அவள் வேலை முடிந்த பிறகு மாட்டியிருக்கலாம். சுபாஷ் சனிக்கிழமை காலையில் ஏணியோடு வந்துவிட்டார், எனக்கும் ஆர்வம். செல்விக்கு அன்று வேலை நாள் என்பது ஞாபகத்துக்கு வரும்போது என் கையில் பிளக் இருந்தது. ஒன்பதாவது கோடு. சுபாஷ் ஏணியிலிருந்து, "ண்ணா, இது எதப் பொறுத்தும் இல்ல. உங்களாலதான்" என்றார். முந்தின நாள் மாடியிலிருந்து இறங்கியதும் மீன் முள் படத்தைக் கிழித்து எறிந்திருந்தேன், அவ்வளவு அவசரப்பட்டிருக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டி அவள் மேஜைக்கு எதிர்ச் சுவரில் அமைதியாக இருந்தது. பொட்டு இல்லை, பூ இல்லை. தினமும் மூன்று முப்பத்தைந்துக்கு நான் பஸ்ஸிலிருந்து இறங்குவேன். கூட இறங்குகிறவர்களை இப்போது புதிதாகப் பார்த்தேன். இதோ 'ரூம் நம்பர் ஏழு' போகிறான், இவன்தான் 'கேக்காதே' ஆக இருக்கும். ஒவ்வொருத்தன் பையிலும் ஒரு வீடு. அவர்கள் காற்றில் எங்கள் வீட்டைச் சூழ்ந்துகொள்வதை நினைத்துக்கொண்டே வாசலில் செருப்பைக் கழற்றுவேன். உள்ளே தட்டச்சுச் சத்தம் கேட்கும். நிற்காமல் கேட்கும்.

அக்டோபர் முப்பத்தொன்றும் வந்தது. நல்ல மழை. பஸ்கள் தாமதமாக வந்தன, எல்லாம் ஒரே நேரத்தில். நான் நனைந்துகொண்டே ஓடி வந்து அவள் அறைக் கதவோரம் நின்றேன். செல்வி திரும்பாமல் போனை நீட்டினாள். பட்டியலில் ஐம்பத்திரண்டு பெயர். இதுவரை பார்க்காத கூட்டம். நான்கு மணி. நாலரை. சுவரில் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. நான் மூச்சைக்கூடப் பார்த்து விட்டேன், குறுக்கே போய்விடக் கூடாதே என்று.

ஐந்து மணிக்கு அவள் லேப்டாப்பை மூடினாள். நோட்டில் ஒன்பது கோடு. ஐந்து நிமிடத்தில் கிண்டியிலிருந்து செய்தி வந்தது, வீட்டிலிருந்தே தொடரலாம் என்று. அவள் அதை இரண்டு தரம் படித்தாள். பிறகு தலையைத் துவட்டத் துண்டை எடுத்து என் மேல் எறிந்தாள்.

டீ போட்டுக் கொண்டுவந்தேன். எதிர்க் கட்டடத்தில் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள்.

"இப்பவாவது சொல்லு செல்வி" என்றேன். "பதினொண்ணு விழுந்திருந்தா இன்னா பண்ணியிருப்ப? இந்தப் 'பாக்கலாம்' எல்லாம் வேணாம்."

அவள் டீயை ஊதிக் குடித்தாள். ஒரு வாய், இரண்டு வாய்.

"போயிருப்பேன்" என்றாள். "ஜன்னல் சீட்டாப் பாத்து ஒக்காந்திருப்பேன்."